ட்ரோன் தூக்குன உடனே கவுந்துடுதா? மோட்டார், ப்ராப் கோளாறை அறிகுறிய வெச்சே பிடிக்கலாம்

மொதல்ல நாலு ப்ராப்பையும் (சுத்தற இறக்கை, ப்ரொப்பெல்லர்) கழட்டி மேஜைல வைங்க. வெச்சாச்சா? அப்புறம் படிங்க. 4எஸ் (நாலு செல் வரிசையா சேந்த) பேட்டரி முழு சார்ஜ்ல 16.8 வோல்ட், 2400 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு 2400 சுத்து) மோட்டார்னா பெருக்கிப் பாருங்க, ப்ராப் இல்லாம நிமிஷத்துக்கு 40,000 சுத்து கிட்ட வருது. ப்ராப் மாட்டுனா அவ்ளோ வராதுதான், ஆனா விரலை விட்டா தையல் போடற அளவுக்கு தாராளமா வரும். "ஆர்ம் (மோட்டார் ஓடத் தயாராகற நிலை) ஆகாதுன்னு நெனச்சேன்"னு சொல்றவங்க எல்லாருக்கும் கையில ஒரு தழும்பு இருக்கும், எனக்கும் இடது கை கட்டை விரல்ல இருக்கு.

நான் மொதல்ல கட்டுனது 450 ஃப்ரேம்ல (மூலைக்கு மூலை 450 மில்லிமீட்டர்) ஆர்டுபைலட் போட்டது, அப்புறம் 5 இன்ச் ப்ராப் வெச்ச எஃப்பிவி (கேமரா வழியா பாத்து ஓட்டற ட்ரோன்) பீட்டாஃப்ளைட்ல. ஆர்டுபைலட், பீட்டாஃப்ளைட் ரெண்டும் ட்ரோன் போர்டுல ஓடற மென்பொருள். ரெண்டுலயும் பறக்கலன்னா நான் செஞ்ச மொத வேலை பிஐடி நம்பரை (சாய்வை எப்படி திருத்தணும்னு சொல்ற செட்டிங்) போய் நோண்டுனதுதான், ரெண்டுலயும் அது தப்பு. புதுசா கட்டுன ட்ரோன் பறக்கலன்னா முக்கால்வாசி நேரம் கோளாறு மோட்டார் வரிசை, சுத்துற திசை, ப்ராப், ஸ்க்ரூ, சால்டர் இந்த அஞ்சுலதான் இருக்கும். அதனால கீழ இருக்கிறதை அறிகுறி வாரியா பாருங்க, ஒரு நேரத்துக்கு ஒண்ணை மட்டும் மாத்துங்க. ரெண்டை ஒண்ணா மாத்திட்டு சரியாயிடுச்சுன்னா எதனால சரியாச்சுன்னு உங்களுக்கே தெரியாது, அடுத்த மாசம் திரும்ப அதே கோளாறு வந்து நிக்கும்.

தூக்குன உடனே கவுந்து விழுது

இதுதான் எல்லாரும் மொத நாள் பாக்கறது. நான் மொட்டை மாடில வெச்சு த்ராட்டில் (மோட்டார் வேகம் ஏத்தற ஸ்டிக்) ஏத்துனேன், ஒரு அடி கூட எழும்பல, வலது முன்பக்கமா மடங்கி தரைல அடிச்சு, கொடிக்கயித்துல காயப்போட்ட எங்க அம்மா துண்டை சுத்திக்கிட்டு நின்னுச்சு. துண்டு போச்சு, ரெண்டு ப்ராப் போச்சு.

கவுந்தா மொதல்ல கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு தடவையும் அதே மூலைக்கு கவுருதா இல்ல ஒரு தடவை அந்தப் பக்கம் ஒரு தடவை இந்தப் பக்கமா. அதே மூலைக்குன்னா பெரும்பாலும் அந்த மூலையில இருக்கற மோட்டாரோ ப்ராப்போ தப்பு, அங்க காத்தை கீழ தள்றதுக்கு பதிலா மேல தள்ளிக்கிட்டு இருக்கு. கண்ட பக்கம் கவுருதுன்னா மோட்டார் வரிசையோ ஃப்ளைட் கன்ட்ரோலர் (எஃப்சி, ட்ரோனோட மூளை போர்டு) வெச்ச திசையோ தப்பா இருக்க வாய்ப்பு அதிகம். எஃப்சி வலது பக்கம் சாயுதேன்னு திருத்தப் போகுது, ஆனா அது கூப்பிடற மோட்டார் வேற மூலைல இருக்கு, அதனால சாய்வு இன்னும் கூடுது, அது இன்னும் வேகமா திருத்துது, அரை செகண்ட்ல தலைகுப்புற.

சரி பாக்கறது எப்படின்னா, ப்ராப் இல்லாம பேட்டரி குடுத்து பீட்டாஃப்ளைட் கான்ஃபிகரேட்டர்ல (கம்ப்யூட்டர்ல செட்டிங் மாத்தற செயலி) மோட்டார்ஸ் பக்கத்துக்கு போங்க. ஒண்ணாம் நம்பர் ஸ்லைடரை கொஞ்சமா ஏத்துனா பின்பக்கம் வலது மோட்டார் சுத்தணும். ரெண்டாவது முன்பக்கம் வலது. மூணு பின்பக்கம் இடது, நாலு முன்பக்கம் இடது. ட்ரோனோட பின்னாடி நீங்க நின்னு பாக்கற மாதிரி வலது இடது. இதுல ஒண்ணு மாறியிருந்தாலும் சால்டரிங் அயர்னை எடுக்காதீங்க, அதே பக்கத்துல மோட்டார் வரிசை மாத்தற வசதி இருக்கு, அது ஒவ்வொண்ணா சுத்திக் காட்டும், எந்த மூலைல சுத்துதுன்னு நீங்க படத்துல தொட்டா போதும்.

ஆர்டுபைலட் ஆளுங்களுக்கு நம்பர் வேற. அங்க ஒண்ணு முன்பக்கம் வலது, ரெண்டு பின்பக்கம் இடது, மூணு முன்பக்கம் இடது, நாலு பின்பக்கம் வலது. மிஷன் ப்ளானர்ல (ஆர்டுபைலட்டுக்கான கம்ப்யூட்டர் செயலி) மோட்டார் டெஸ்ட் பட்டன் ஏ, பி, சி, டி ன்னு இருக்கும் பாருங்க, அது மோட்டார் நம்பர் இல்ல. முன்பக்கம் வலதுல ஆரம்பிச்சு க்ளாக்வைஸா சுத்தி வர்ற வரிசை, அவ்ளோதான். அதாவது பி அழுத்துனா நாலாம் நம்பர் மோட்டார் சுத்தும். இதை ரெண்டாம் நம்பர்னு நெனச்சு வயரை மாத்தி மாத்தி சொருகி ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க வீணாக்குன ஆள் நான்.

வரிசை சரின்னா அடுத்து திசை. பீட்டாஃப்ளைட் வழக்கப்படி முன்பக்கம் இடதும் பின்பக்கம் வலதும் க்ளாக்வைஸ், மத்த ரெண்டும் ஆன்டிக்ளாக்வைஸ், மேல இருந்து பாக்கறப்ப. ஆர்டுபைலட் எக்ஸ் ஃப்ரேம்லயும் திசை இதேதான், நம்பர்தான் வேற. சுலபமா ஞாபகம் வெச்சுக்க, முன்னாடி ரெண்டு ப்ராப்பும் கேமராவைப் பாத்து உள்பக்கமா வெட்டிக்கிட்டு வரணும். சுத்தற மோட்டாரைக் கண்ணால பாத்து திசை சொல்ல முடியாது, ஒரு பேப்பர் துண்டை மோட்டாரோட பெல் (சுத்தற வெளிக்கூடு) பக்கத்துல லேசா உரசுங்க, எந்தப் பக்கம் தள்ளுதோ அதுதான் திசை.

திசை தப்புன்னா மோட்டாருக்குப் போற மூணு வயர்ல ஏதாவது ரெண்டை மாத்தி சால்டர் பண்ணா போதும். எந்த ரெண்டுன்னு கேக்கவே வேண்டாம், எந்த ரெண்டா இருந்தாலும் சரி. எனக்கு இது நம்ப முடியாம எங்க தெருவுல பம்ப் மோட்டாருக்கு காயில் கட்டற அண்ணன்கிட்ட போய் கேட்டேன். அவர் கையில இருந்த வார்னிஷ் பிரஷ்ஷை கூட கீழ வெக்கல. "ஏனுங் தம்பி, தோட்டத்துல மூணு ஃபேஸ் மோட்டாரு ரிவர்ஸ் ஓடுனா என்ன பண்றோம்? ரெண்டு ஃபேஸை மாத்தி உடறோம். இது அதே கதைதானுங்க, சைஸுதான் சின்னது"ன்னாரு. டிஷாட் (டிஜிட்டல் சிக்னல்) ஓடற இஎஸ்சின்னா (மோட்டாருக்கு கரண்ட் குடுத்து ஓட்டற போர்டு) அயர்னே வேண்டாம், பீட்டாஃப்ளைட் மோட்டார்ஸ் பக்கத்துலயே திசை மாத்தற விசர்ட் இருக்கு. பழைய பிடபிள்யூஎம் (டிஜிட்டல் இல்லாத சிக்னல்) இஎஸ்சின்னா வயரை மாத்தறதுதான் வழி.

வரிசையும் சரி, திசையும் சரி, இன்னும் கவுருதுன்னா எஃப்சி திசை. செட்டப் பக்கத்துல இருக்கற 3டி ட்ரோன் படத்தைப் பாத்துக்கிட்டே கையில இருக்கற ட்ரோனை முன்னாடி சாய்ங்க, படமும் முன்னாடி சாயணும். வலது சாய்ச்சா வலது. யூஎஸ்பி சொருக இடம் பத்தலன்னு போர்டை 90 டிகிரி திருப்பி வெச்சிருப்பீங்க, அதை செட்டிங்ல சொல்ல மறந்திருப்பீங்க.

ப்ராப் தப்பா மாட்டறதுல ரெண்டு வகை இருக்கு

இதை தனியா எழுதறதுக்கு காரணம், "ப்ராப்பை தலைகீழா மாட்டுனா ட்ரோன் கீழ அழுத்தும்"னு பாதி பேர் சொல்லுவாங்க. அப்படி இல்ல. ஒரு நட்டை எடுத்து போல்ட்ல முறுக்குங்க, அப்புறம் நட்டைக் கவுத்துப் போட்டு முறுக்குங்க. ரெண்டு தடவையும் அதே பக்கம்தானே முறுகுது? ப்ராப்பும் ஒரு மரைதான். க்ளாக்வைஸ் ப்ராப்பை கவுத்து மாட்டுனாலும் அது க்ளாக்வைஸ் ப்ராப்பாவேதான் இருக்கும், காத்தை கீழதான் தள்ளும், ஆனா மோசமா தள்ளும், ஏன்னா ப்ளேடோட வளைவு கீழ போயிடுச்சு, தடிமனான முனைக்கு பதிலா கூரான முனை முன்னாடி வெட்டுது.

அதனால அறிகுறி வேற வேற. க்ளாக்வைஸ் இடத்துல ஆன்டிக்ளாக்வைஸ் ப்ராப் மாட்டுனா அந்த மூலை கீழ இழுக்கும், உடனே கவுரும். சரியான ப்ராப்பை கவுத்து மாட்டியிருந்தா ட்ரோன் எழும்பும், ஆனா மாவு மில்லு மாதிரி கத்தும், பாதி த்ராட்டிலுக்கு மேல குடுத்தாதான் தூக்கும், ரெண்டு நிமிஷத்துல பேட்டரி காலி, அந்த மோட்டார் மட்டும் சுடும். ஒரே ஒரு ப்ராப் மட்டும் இப்படி இருந்தா அந்த மூலை தொங்கிக்கிட்டே பறக்கும்.

பாக்கற வழி ரெண்டு. ப்ராப்ல எழுதியிருக்கற நம்பர் மேல தெரியணும், உதாரணத்துக்கு 5043னா 5 இன்ச் விட்டம் 4.3 இன்ச் பிட்ச், 450க்கு வர்ற 1045னா 10 இன்ச்சும் 4.5ம். எழுத்து தேஞ்சு போயிருந்தா ப்ளேடை பக்கவாட்டுல பாருங்க, உயரமா இருக்கற முனைதான் சுத்தற திசைல முன்னாடி போகணும். மோட்டார் சுத்தற பக்கம் விரலால தள்ளி பாருங்க, ஒசந்த முனை முன்னாடி போச்சுன்னா ப்ராப் வகை சரி. ஆனா கவுத்து மாட்டுன ப்ராப்பும் இதுல பாஸ் ஆயிடும், அதனால தடிமனான முனை முன்னாடி போகுதா, ப்ளேடோட வளைவு மேல இருக்கான்னும் பாருங்க.

மேல போகுது, ஆனா பம்பரமா சுத்துது

கவுராம எழும்பி, எழும்புன கையோட யா திசையில (பம்பரம் மாதிரி கிடைமட்டமா) சுழன்றுக்கிட்டே போகுது, ஸ்டிக்கை எதிர்ப்பக்கம் குடுத்தா இன்னும் வேகமா சுத்துது. இது ஒரே ஒரு விஷயம்: நாலு மோட்டாரும் நாலு ப்ராப்பும் மொத்தமா எதிர்த்திசைல இருக்கு, எஃப்சிக்கு அது தெரியாது. முன்னாடி ப்ராப் ரெண்டும் வெளிப்பக்கமா வெட்டற இந்த முறைக்கு ப்ராப்ஸ் அவுட்னு பேரு. கேமரா லென்ஸ்ல புல்லு மண்ணு தெறிக்காதுன்னு நிறைய பேர் வேணும்னே இப்படித்தான் ஓட்டறாங்க, தப்பில்ல.

பீட்டாஃப்ளைட்ல மோட்டார் திசை ரிவர்ஸ்னு ஒரு ஸ்விட்ச் இருக்கு. அதைப் போட்டா மோட்டார் திசை மாறும்னு நெனைக்காத ஆளே கிடையாது. மாறாது. அது எஃப்சிக்கு "என் மோட்டாருங்க இப்படித்தான் சுத்துது, கணக்கை அதுக்கேத்த மாதிரி போட்டுக்கோ"ன்னு சொல்றது மட்டும்தான். மோட்டாரை நிஜமா திருப்பறது இஎஸ்சி வேலை, இல்ல வயர் வேலை. மோட்டாரைத் திருப்பிட்டு ஸ்விட்ச் போடலன்னாலும் சுழலும், மோட்டாரைத் திருப்பாம ஸ்விட்சை மட்டும் போட்டாலும் சுழலும். இந்தப் பெயரை வெச்சவரு கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்.

ஒரு மோட்டார் மட்டும் துடிக்குது, சுத்த மாட்டேங்குது

வலிப்பு வந்த மாதிரி டக் டக்னு அசையும், சுத்தாது, கையால தள்ளி விட்டா சில நேரம் ஓடும். மூணு வயர்ல ஒண்ணு வேலை செய்யலன்னு அர்த்தம். 450ல மோட்டாரும் இஎஸ்சியும் புல்லட் கனெக்டர்ல சேரும், அதுல ஒண்ணு லூஸா இருக்கும், இல்ல ஹீட் ஷ்ரிங்க் உள்ள சால்டர் விட்டிருக்கும். 5 இன்ச்ல பேட்ல (போர்டுல வயர் ஒட்டற செம்புத் தட்டு) சால்டர் பாக்கறதுக்கு பளபளன்னு இருந்தாலும் உள்ள ஒட்டியிருக்காது, வயரை பிடிச்சு லேசா ஆட்டுனா பேடோட விளிம்புல கோடு மாதிரி அசையறது தெரியும்.

அதுக்கு முன்னாடி காதை தீட்டுங்க. பிஎல்ஹெலி (இஎஸ்சில ஓடற மென்பொருள்) வகை இஎஸ்சின்னா பேட்டரி குடுத்த உடனே மோட்டார்ல இருந்து ஏறிக்கிட்டே போற மூணு சத்தம் வரும், கொஞ்சம் விட்டு ஒரு தாழ்ந்த சத்தம், அப்புறம் ஒரு உயர்ந்த சத்தம். மூணு மட்டும் வந்து நின்னுடுச்சுன்னா இஎஸ்சிக்கு கரண்ட் வருது, சிக்னல் வரல, அப்ப மோட்டார் மேல பழி போடாதீங்க, சிக்னல் வயரைப் பாருங்க. ஒரு மூலைல மட்டும் சத்தமே வரலன்னா அந்த இஎஸ்சியோ அந்த மோட்டார் இணைப்போ.

எதுன்னு தெரியலையா, இடம் மாத்திப் பாருங்க. இந்த ஒரு சோதனைய மட்டும் கத்துக்கிட்டா போதும், பாதி கோளாறு பிடிபட்டுடும். துடிக்கற மோட்டாரை நல்லா இருக்கற மூலையோட இஎஸ்சில சேருங்க, நல்ல மோட்டாரை இங்க சேருங்க. துடிப்பு மோட்டார் கூடவே போச்சுன்னா மோட்டார் போச்சு, அதே மூலைல நின்னுடுச்சுன்னா இஎஸ்சி போச்சு. மல்டிமீட்டர் வெச்சு மோட்டார் காயிலோட ஓம் அளக்கலாம்னு சிலர் சொல்லுவாங்க, இந்த மோட்டாருங்களோட ரெசிஸ்டன்ஸ் ஒரு ஓம்ல ரொம்ப சின்ன பங்கு, நம்ம கையில இருக்கற மீட்டருக்கு அது தெரியாது, எல்லாமே ஷார்ட் மாதிரிதான் காட்டும்.

அதைவிட நல்ல வழி, மோட்டாரை கழட்டி மூணு வயர்ல ரெண்டு ரெண்டா ஒண்ணா சேத்து பிடிச்சுக்கிட்டு பெல்லை கையால சுத்துங்க. மோட்டார் அப்ப டைனமோ ஆயிடும், சுத்த விடாம இழுத்துப் பிடிக்கும். மூணு ஜோடிக்கும் அந்த இழுப்பு ஒரே மாதிரி இருக்கணும். ஒரு வயர் சேர்ற ரெண்டு ஜோடில மட்டும் லேசா சுத்துதுன்னா அந்த வயரோட காயில் அறுந்திருக்கு. எதையும் சேக்காம வெறுமனே சுத்தும்போதே இறுக்கமா இருந்தா உள்ள ஷார்ட்.

ஷார்ட்னு சொன்ன உடனே ஸ்க்ரூ கதை சொல்லியாகணும். என் மொத 5 இன்ச் ட்ரோனோட ஃப்ரேம் கை (மோட்டார் உக்கார்ற நீட்டல்) தடிமன் 5 மில்லிமீட்டர், மோட்டார்கூட வந்த எம்3 ஸ்க்ரூ 8 மில்லிமீட்டர், மோட்டாருக்குள்ள 3 போகுது, அது போதும். ஒரு ஸ்க்ரூ கட்டிலுக்கு அடியில உருண்டு போயிடுச்சு, டப்பால தேடுனா 10 மில்லிமீட்டர்தான் கிடைச்சது, அதைப் போட்டு முறுக்குனேன், கடைசி ரெண்டு சுத்து கொஞ்சம் இறுக்கமா போச்சு, நல்லா பிடிச்சிருக்குன்னு சந்தோஷம் வேற. பேட்டரி சொருகுனேன். சின்னதா ஒரு டிக், அப்புறம் வெல்லப்பாகு தீஞ்ச மாதிரி ஒரு வாசனை, புகை கூட பெருசா வரல. கழட்டிப் பாத்தா ஸ்க்ரூ முனை காயில்ல குத்தி செம்புக்கம்பி மேல இருந்த எனாமலை உரிச்சிருக்கு, ஓட்டை வழியா பாத்தா ஒரே ஒரு கம்பி மட்டும் புதுச் செம்பு நிறத்துல மின்னுது, சுத்தி எல்லாம் கறுப்பு. மோட்டாரும் இஎஸ்சியும் ஒண்ணாப் போச்சு, ரெண்டு மில்லிமீட்டருக்கு.

அதனால மோட்டார் மாட்டுன உடனே, பேட்டரி சொருகறதுக்கு முன்னாடி, மல்டிமீட்டரை பீப் மோட்ல வெச்சு ஒரு முனை மோட்டார் வயர்ல, ஒரு முனை ஸ்க்ரூ தலைல. பீப் அடிச்சா ஸ்க்ரூ காயிலைத் தொடுது. கார்பன் ஃப்ரேமும் கரண்ட் கடத்தும், மறந்துடாதீங்க. புதுசா சால்டர் பண்ணுனதுக்கு மொத தடவை பேட்டரி குடுக்கறப்ப நடுவுல ஒரு பல்பை சீரிஸ்ல போட்டுக்கோங்க, கார் இண்டிகேட்டர்ல வர்ற 12 வோல்ட் 21 வாட் பல்பு 3எஸ்க்கு போதும், 6எஸ்னா லாரிக்குப் போடற 24 வோல்ட் பல்பு. ஒரு மினுக்கு மினுக்கி அணைஞ்சா நல்லது, நிலையா பளிச்னு எரிஞ்சா எங்கயோ ஷார்ட், கழட்டிடுங்க. கடைல ரெடிமேடா ஸ்மோக் ஸ்டாப்பர்னு விக்கறதும் இதே வேலைக்குத்தான்.

ப்ராப் இல்லாம மேஜைல ஆர்ம் பண்ணா வேகம் தானா ஏறுது

கோளாறே இல்ல. ஏர்மோட் (த்ராட்டில் கீழ இருந்தாலும் திருத்திக்கிட்டே இருக்கற வசதி) இருந்தா எஃப்சி எப்பவும் ட்ரோனை நேரா வெக்கப் பாக்கும். மேஜைல லேசா சாஞ்சிருக்கு, திருத்தப் பாக்குது, ப்ராப் இல்ல, அசையல, சரி இன்னும் கொஞ்சம் ஏத்துவோம்னு ஏத்திக்கிட்டே போகுது. ஒரு மோட்டார் வேகமா ஒண்ணு மெதுவா சுத்தறதும் இதனாலதான். மோட்டாரை சோதிக்கணும்னா மோட்டார்ஸ் பக்கத்து ஸ்லைடர்ல சோதிங்க, ரேடியோ ஸ்டிக்ல வேண்டாம். விட்டுடுங்க இதை.

தரையில இருந்து எழும்பறப்ப ஒரு பக்கமா இழுக்குது

450ல பழைய பிடபிள்யூஎம் இஎஸ்சி போட்டவங்களுக்கு. த்ராட்டில் ஏத்துறப்ப மூணு மோட்டார் சுத்த ஆரம்பிச்சு நாலாவது கொஞ்சம் லேட்டா எந்திரிக்குதுன்னா இஎஸ்சி கேலிப்ரேஷன் பண்ணல. ப்ராப் கழட்டி, ரேடியோல த்ராட்டில் முழுசா மேல, பேட்டரி குடுத்து எஃப்சி விளக்கு மாறி மாறி மினுக்கறதைப் பாத்துட்டு பேட்டரிய எடுத்து திரும்ப குடுங்க, பாதுகாப்பு பட்டன் இருந்தா அதையும் அழுத்துங்க, இஎஸ்சி பீப் அடிச்ச உடனே த்ராட்டில் கீழ. ஆர்டுபைலட்ல இதுதான் முறை. டிஷாட்ல சிக்னல் டிஜிட்டல், அதுக்கு கேலிப்ரேஷன்னு ஒண்ணு கிடையாது, யாராவது பண்ணச் சொன்னா காதுல வாங்காதீங்க.

மோட்டார் சுடுது

எவ்ளோ சுட்டா சூடுன்னு கேட்டா, எறக்குன உடனே விரலை வெச்சு மூணு செகண்ட் தாக்குப் பிடிக்க முடியலன்னா அதிகம். ஒரு மோட்டார் மட்டும் சுடுதா, நாலும் சுடுதா, இதுதான் கேள்வி.

ஒண்ணு மட்டும்னா அந்த மூலைல ஏதோ: ப்ளேடு வளைஞ்சிருக்கு, ஷாஃப்ட் வளைஞ்சிருக்கு, பேரிங்ல மண்ணு, மோட்டார் ஸ்க்ரூ லூஸு. பேட்டரி பின்னாடி தள்ளி கட்டியிருந்தா பின்பக்கம் ரெண்டும் சுடும், அது கோளாறு இல்ல, பேட்டரிய நகத்துங்க.

நாலும் சுடுதுன்னா பொருத்தம் சரியில்ல. 5 இன்ச்சுக்கு 4எஸ்னா 2300ல இருந்து 2500 கேவி, 6எஸ்னா 1700ல இருந்து 1950 கிட்ட. நண்பர் பேட்டரி குடுத்தார்னு 2400 கேவி மோட்டார்ல 6எஸ் சொருகுனா 25.2 பெருக்கல் 2400, அறுபதாயிரம் தாண்டுது, மோட்டார் அதோட வேலைய விட்டு ஹீட்டர் வேலை பாக்கும். அதே மாதிரி 450ல 2212 920 கேவிக்கு 1045 ப்ராப் 3எஸ்ல நல்லா ஓடும், அதையே 4எஸ் போட்டு ஓட்டணும்னா சின்ன ப்ராப்புக்கு வாங்க. 2212ங்கறது உள்ள இருக்கற ஸ்டேட்டர் (சுத்தாத காயில் பகுதி) அளவு, 22 மில்லிமீட்டர் விட்டம் 12 மில்லிமீட்டர் உயரம், வெளிய பெல்லை அளந்துட்டு ஏமாத்திட்டான்னு சண்டைக்குப் போகாதீங்க.

பொருத்தமும் சரி, ஆனா சுடுதுன்னா அப்பதான் ட்யூனிங் பக்கம் போகணும். பிஐடில வர்ற டி அதிகமா இருந்தா எஃப்சி மோட்டாரை செகண்டுக்கு நூறு தடவை ஏத்தி எறக்கிக்கிட்டு இருக்கும், அது உங்க கண்ணுக்குத் தெரியாது, காதுக்கு கரகரன்னு கேக்கும். இன்னொன்னு யாரும் பாக்காதது, ஆர்பிஎம் ஃபில்டர் (மோட்டார் வேகத்தை வெச்சு அதிர்வை வடிகட்டற வசதி) போட்டிருந்தா மோட்டார் போல்ஸ் எண்ணிக்கை. பீட்டாஃப்ளைட்ல 14ன்னு இருக்கும். உங்க மோட்டார் பெல்லுக்குள்ள டார்ச் அடிச்சு காந்தத்தை எண்ணுங்க, 5 இன்ச் மோட்டார்ல பொதுவா 14 இருக்கும், 1404 மாதிரி சின்னதுல 12. காந்தம் 12 இருந்து நீங்க 14ன்னு விட்டிருந்தா மோட்டார் 35,000 சுத்தறப்ப எஃப்சி 30,000னு நெனைக்கும், ஃபில்டர் தப்பான இடத்துல வெட்டும், அதிர்வு அப்படியே உள்ள வரும், மோட்டார் சுடும். நீங்க டி நம்பரைக் குறைச்சுக்கிட்டே இருப்பீங்க.

வீடியோல ஜெல்லி மாதிரி ஆடுது, ஃப்ரேம் நடுங்குது

மொதல்ல ப்ராப்பை மாத்துங்க. ப்ராப்புக்கு கஞ்சத்தனம் பாத்து அம்பது ரூபா மிச்சம் பண்ணி மோட்டாருக்கு செலவழிக்கற ஆளுங்களை நிறையவே பாத்திருக்கேன். வளைஞ்ச பாலிகார்பனேட் ப்ளேடை கையால நிமித்துனா நேராதான் தெரியும், வளைஞ்ச இடத்துல வெள்ளைக் கோடு இருக்கும், அந்தக் கோடுதான் அடுத்த ஃப்ளைட்ல உடையற இடம். 450க்கு வர்ற 10 இன்ச் ப்ளாஸ்டிக் ப்ராப்பை மட்டும் பேலன்ஸ் பண்ணலாம், கனமான ப்ளேடு கீழ தொங்கும், எதிர்ல இருக்கற லேசான ப்ளேடுல செல்லோடேப் துண்டு ஒட்டி சமமாக்குங்க.

ப்ராப் மாத்தியும் நடுங்குதுன்னா ப்ராப் இல்லாம ஒவ்வொரு மோட்டாரா ஸ்லைடர்ல ஓட விட்டு, ஃப்ரேம் கையை விரலால தொட்டுப் பாருங்க. மூணு கையில லேசா ரீங்காரம் இருக்கும், ஒண்ணுல பல்லு கூசற மாதிரி வரும், அதுதான் ஆளு. பெல்லை பிடிச்சு மேல கீழ இழுங்க, நல்லா அசைஞ்சா அடியில இருக்கற ஸ்க்ரூவோ க்ளிப்போ கழண்டிருக்கு, அதை அப்படியே பறக்க விட்டா பெல் தனியா பறந்துடும். கையால மெதுவா சுத்துனா காந்தம் ஒவ்வொண்ணா விட்டு விட்டு இழுக்கறது இயல்பு, ஆனா ஒரே இடத்துல மட்டும் சர்னு உரசுதுன்னா ஒரு காந்தம் பசை விட்டு நகந்திருக்கு, இல்ல பெல் கோணியிருக்கு. மண்தரைல எறக்கிட்டு வந்த நாள்ல கறுப்பு மணல் காந்தத்துல போய் ஒட்டிக்கும், ஊதுனா வராது, டேப்பை மடிச்சு விட்டு ஒத்தி ஒத்தி எடுக்கணும்.

ஆர்டுபைலட்ல நம்பராவே பாக்கலாம், லாக்ல (பறந்த பதிவு) வைப் (அதிர்வு) அளவு 30க்குக் கீழ இருந்தா நிம்மதி, 60 தாண்டுனா உயரம் பிடிக்கறதெல்லாம் கெட்டுப் போகும்.

நல்லா பறந்துக்கிட்டிருக்கறப்ப திடீர்னு உருண்டு விழுது

த்ராட்டிலை ஒரே அடியா ஏத்துறீங்க, ஒரு மூலைல கர்ர்னு ஒரு சத்தம், ட்ரோன் அந்தப் பக்கமா சுருண்டு செங்குத்தா வருது, விழுந்து எடுத்துப் பாத்தா எல்லாம் நல்லா இருக்கு, திரும்ப பறக்குது. பேய் இல்ல, டீசிங்க். இஎஸ்சி மோட்டார் எந்த நிலைல இருக்குன்னு அனுமானிச்சுதான் கரண்ட் குடுக்குது, அந்த அனுமானம் ஒரு கணம் தப்பிடுச்சு, அவ்ளோதான். அதே மூலைன்னா மேல சொன்ன இடம் மாத்தற சோதனை. சால்டர் பாருங்க, மோட்டார் ஐடில் 5.5 சதவீதத்துக்கு கீழ யாராவது எறக்கியிருக்காங்களான்னு பாருங்க, இஎஸ்சி செட்டிங்ல டீமேக் காம்பன்சேஷனை ஹை வைங்க. பேட்டரி வயர் சேர்ற இடத்துல 35 வோல்ட் கெப்பாசிட்டர் ஒண்ணு, 470ல இருந்து 1000 மைக்ரோஃபேரட், லோ ஈஎஸ்ஆர் வகை, இருக்கான்னு பாருங்க. அது பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் கடைலயே கிடைக்கும், காலை எவ்ளோ குட்டையா வெட்ட முடியுமோ அவ்ளோ குட்டையா வெட்டி சால்டர் பண்ணுங்க.

ப்ராப் கழண்டு பறக்குது

5 இன்ச் மோட்டார்ல எம்5 ஷாஃப்ட், உள்ள நைலான் வளையம் வெச்ச நட்டு, 8 மில்லிமீட்டர் ஸ்பானர். அந்த நைலான் தேஞ்சு போய் நட்டு விரலாலயே இறங்குதுன்னா தூக்கிப் போட்டுட்டு புதுசு போடுங்க. கழலாம இருக்கட்டும்னு நட்டுல திரெட்லாக் விடாதீங்க, அது பாலிகார்பனேட் ப்ராப்பை வெடிக்க வெச்சிடும். திரெட்லாக் அடியில மோட்டார் ஸ்க்ரூக்கு, நீல நிறம், துளி.

450ல வர்ற சில மோட்டாருங்க கதை வேற. கறுப்பு மூடி ரெண்டு, வெள்ளி மூடி ரெண்டுன்னு வரும், அழகுக்கு இல்ல, ரெண்டுல ஒரு ஜோடிக்கு மரை எதிர்ப்பக்கம். மோட்டார் எந்தப் பக்கம் சுத்துதோ அதுக்கு எதிர்ப்பக்கம் ப்ராப் முறுகி இறுகணும், அப்பதான் ஓட ஓட தானா இறுகும். க்ளாக்வைஸ் சுத்தற மூலைல இடது மரை, ஆன்டிக்ளாக்வைஸ் மூலைல நம்ம சாதாரண மரை. மோட்டாரை மூலை மாத்தி பொருத்திட்டு, திசை தப்பா சுத்துதேன்னு ரெண்டு வயரை மாத்தி சரி பண்ணிட்டீங்கன்னா சோதனைல எல்லாம் பாஸ் ஆகும், வரிசை சரி, திசை சரி, ப்ராப் சரி, ஆனா மொத த்ராட்டில்லயே ப்ராப் மரையவிட்டு ஏறி தனியா போயிடும். எனக்கு அது பக்கத்து வீட்டு தண்ணி டேங்க் மேல போய் விழுந்துச்சு, இன்னும் அங்கதான் இருக்கு.

நிக்குது, ஆனா மூக்கு மெதுவா ஒரு பக்கம் திரும்பிக்கிட்டே இருக்கு

ஆர்டுபைலட் லாக்ல ஆர்சி அவுட் (ஒவ்வொரு மோட்டாருக்கும் எஃப்சி அனுப்பற கட்டளை) ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் வரைஞ்சு பாருங்க, காத்து இல்லாத நேரத்துல சும்மா நிக்க வெச்சு எடுத்த லாக். முன்பக்கம் ரெண்டும் அதிகம் பின்பக்கம் ரெண்டும் கம்மின்னா எடை முன்னாடி இருக்கு. ஆனா குறுக்கா இருக்கற ஒரு ஜோடி அதிகம், இன்னொரு ஜோடி கம்மின்னா ஏதோ ஒரு மோட்டார் கோணியிருக்கு, காத்தை நேரா கீழ தள்ளாம கொஞ்சம் பக்கவாட்டுல தள்ளுது, எஃப்சி அதை சமாளிக்கவே ஒரு ஜோடிய வேகமா ஓட்டுது. உருளை கார்பன் குழாய் கை வெச்ச ஃப்ரேம்ல இது ரொம்ப சகஜம், ஒரு தடவை எறக்கறப்ப இடிச்சா குழாய் க்ளாம்புக்குள்ள ரெண்டு டிகிரி திரும்பிடும். சமதளத்துல வெச்சு ப்ராப்பை கைக்கு குறுக்கா நிறுத்தி, எதிர் மூலை ப்ராப்போட ஒரே கோட்ல தெரியுதான்னு கண்ணை மட்டமா வெச்சு பாருங்க. தெரியலன்னா க்ளாம்ப் ஸ்க்ரூவை தளர்த்தி, நேராக்கி, முறுக்கி, குழாயும் க்ளாம்பும் சேர்ற இடத்துல மார்க்கர்ல ஒரு கோடு இழுத்து வைங்க, அடுத்த தடவை திரும்புனா கோடு விலகியிருக்கும்.